அண்ணனுக்கு ஒண்ணு

பொழுது சாய்ந்தால் போதும், பச்சையப்பனின் சிகரெட் வாடை மோட்டார் கொட்டகைக்கு வந்துவிடும்.

குருவிநத்தத்தில் ஆற்றை ஒட்டிய கரும்புக் கொல்லை அது. அந்த நேரத்தில் ராஜ்மோகனைத் தவிர அங்கே ஈ காக்கை கிடையாது. பக்கத்துக் கொல்லையில் யாராவது பீடி பற்றவைத்தால் காற்றில் வரலாம்தான். ஆனால் இது பீடி வாடை இல்லை. பில்டர் இல்லாத சிகரெட்டின் காட்டமான புகை, அதோடு கிராம்பு. ஒரு சிகரெட்டுக்கும் அடுத்த சிகரெட்டுக்கும் நடுவில் கிராம்பு மெல்லுகிற பழக்கம் சுபேதார் பச்சையப்பன் ஒருவருக்குத்தான் இருந்தது. அவரை வில்லியனூர் சுடுகாட்டில் எரித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

முதல் தடவை அந்த வாடை வந்தபோது ராஜ்மோகன் மோட்டாரை நிறுத்தக்கூட மறந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். பனிமலை உச்சியில் காவல் நின்ற ஹவில்தார் அவன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கொல்லை குளமாகக் கிடந்தது. வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்து யோசித்தான். இரண்டு பேரும் ஒரே பட்டாலியன். மலைமேல் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். ஓய்வு பெற்று வந்த பிறகும் வாரம் தவறாமல் சந்தித்துக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட அண்ணன் தன்னைப் பயமுறுத்தவா வருவார்? கேட்கத்தான் வருவார். இருக்கும்போது எதைக் கேட்டாரோ அதைத்தானே செத்த பிறகும் கேட்பார்?

அன்றிலிருந்து இரண்டாகப் பற்றவைத்தான். தனக்கு ஒன்று. கொட்டகைச் சுவரின் விளிம்பில் அண்ணனுக்கு ஒன்று. சுவர்மேல் வைத்தது பாதியில் அணைந்துபோனால் அவனுக்கு மனசு கேட்காது. அதை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்து, நெருப்புப் பிடிக்க வைத்து மறுபடி வைப்பான். மறுபடியும் அணையும். கடைசியில் அதையும் அவனே குடித்து முடிப்பான். முடித்ததும் வாடை அடங்கிவிடும். அண்ணன் திருப்தியாகப் போய்விட்டார் என்று அவனும் வீட்டுக்குக் கிளம்புவான்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. ‘நானா குடிக்கிறேன், அவருக்காகத்தானே வைக்கிறேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

அவன் மனைவி புவனேஸ்வரியிடம் அது செல்லுபடியாகவில்லை. அவள் கண்ணில் முதலில் பட்டது அவனுடைய இடது கால் பெருவிரல். நகத்தைச் சுற்றி நீலம் பாரித்து, பிறகு கறுத்து, வெயிலில் போட்ட வற்றல் போலச் சுருங்கிக்கொண்டு வந்தது.

“இன்னாங்க இது, கரிக்கட்ட மாதிரி ஆவுது?”

“ஐஸ் கடிடி. மேல இருந்தப்ப கடிச்சது. இப்பதான் வெளிய வருது.”

“மேலேருந்து எறங்கி எத்தினி வருஷம் ஆவுது? இத்தினி நாளா எங்க போயிருந்துச்சு, லீவுலயா?”

அவன் சிரித்து மழுப்பினான். ஆனால் வீட்டிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, வழியில் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் முதுகில் மூட்டையோடு பட்டாலியனிலேயே முதலாவதாக ஓடி வந்தவன், இப்போது ஆடு மேய்க்கிற கிழவிக்கு வழிவிட்டு நிற்கிறான். புவனேஸ்வரி இதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டாள். மறுநாள் காலையிலேயே அவனைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவுக்கு அவனைவிட வயது குறைவு. காலைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

“காலுக்கு ரத்தம் கொண்டு போற குழாயெல்லாம் அடைச்சிக்கிட்டு வருது. சிகரெட்டால வர்ற நோய் இது. விரல் செத்துப்போச்சு, அதை எடுத்துத்தான் ஆகணும். இன்னிக்கே நிறுத்தினா அதோட போகும். நிறுத்தலைன்னா அடுத்தது பாதம், அதுக்கப்புறம் முட்டிக்குக் கீழ.”

“கொறைச்சிக்கினா போதுமா மேடம்?”

“இந்த நோய்ல குறைக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு சிகரெட்டும் ஒண்ணுதான், ஒரு பாக்கெட்டும் ஒண்ணுதான்.”

“நான் மிலிட்டரிங்க. காலைல எழுந்து ஓடுவேன். எல்லாம் வேர்வையில வெளிய போயிடும்.”

“இப்பவும் ஓடுறீங்களா?”

அவன் புவனேஸ்வரியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் ராஜ்மோகன் நிஜமாகவே நிறுத்தினான். மோட்டார் கொட்டகைப் பக்கம்கூடப் போகவில்லை. தண்ணீர் பாய்ச்ச வேறு ஆளை அனுப்பினான். ஆனால் கொட்டகைக்கு அவன் போகாவிட்டால் என்ன, வாடை வீட்டுக்கு வந்தது. டீ தம்ளரை வாயருகே கொண்டுபோனால் கிராம்பும் புகையும் வீசியது. சட்டையை மாட்டினால் காலரில் வீசியது. சாப்பிட்டுக் கை கழுவப் போனால், முற்றத்தில் யாரோ தனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனது போல இருந்தது. நெஞ்சு அடைத்தது. தலைக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது: அண்ணன் நிறுத்தினார், அண்ணன் செத்தார். இப்போது நான் நிறுத்தியிருக்கிறேன்.

பாகூர் கடைத்தெருவில் ஜாபர் அலியின் டீக்கடைதான் அந்தப் பக்கத்து முன்னாள் ராணுவக்காரர்களின் கூடாரம். அன்று சாயந்திரம் கலைவேந்தனும் இருந்தான். அதே பட்டாலியன்காரன், ஓய்வு பெற்றபின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறவன். விஷயத்தைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

“டாக்டருக்கு இன்னாடா தெரியும்? அந்தப் பொண்ணு மலைமேல ஒரு நாள் நின்னிருக்குமா? அங்க காத்தே கெடையாது. புகை குடிக்கிறவன் நெஞ்சு கம்மி காத்துக்குப் பழகினது. குடிக்காதவன்தான் மொதல்ல மூக்கால ரத்தம் வுட்டான். நம்ம கண்ணால பார்த்தோமா இல்லியா?”

“பார்த்தோம்,” என்றான் ராஜ்மோகன்.

“அப்புறம்? இருவது வருஷமா டீசல்ல ஓடுன வண்டி. திடீர்னு தண்ணிய ஊத்தினா இன்னா ஆவும்?”

கல்லாவில் இருந்த ஜாபர் அலி கணீரென்று சொன்னார்: “ஏம்பா, சிகரெட்டு விக்கிறவன் நானு, நானே சொல்றேன். வுட்டுடு ராஜி. ஒரு கஸ்டமரு போனா போறான். கால் இல்லாத கஸ்டமரு கடைக்கு எப்படி வருவான்?”

“பாய், பச்சையப்பண்ணன் கதை தெரிஞ்சே இப்படிப் பேசறியே,” என்றான் கலைவேந்தன். “கல்லு மாதிரி இருந்த மனுஷன். பொங்கலுக்கு நிறுத்தினாரு. சித்திரை பொறக்கறதுக்குள்ள மாலை போட்டோம். நிறுத்தாம இருந்தா இந்நேரம் இந்த பெஞ்சுல குந்திக்கினு உன் டீய திட்டிக்கினு இருப்பாரு.”

ஜாபர் அலி கல்லாச் சில்லறையை அடுக்கத் தொடங்கினார். பச்சையப்பனின் சாவை நேரில் பார்த்தவர் அவரும்தான்.

அன்று பொழுது சாய ராஜ்மோகன் கொட்டகைக்குப் போனான். இரண்டாகப் பற்றவைத்தான். முதல் இழுப்பு உள்ளே போனதும் நெஞ்சு தளர்ந்தது, வாடை அடங்கியது. பார்த்தாயா, என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் வரப்பில் திரும்பி நடக்கும்போது கால் தீயில் வைத்தது போல எரிந்தது.

வீட்டு வாசலிலேயே புவனேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை.

“உங்க அண்ணனுக்கு ஒரு காலு, உங்களுக்கு ஒரு காலுன்னு பங்கு போட்டுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பனுக்கு வருஷத் தெவசம். வில்லியனூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் வீடு. முன்னறையில் சுவரோரமாக அவர் படம், ராணுவ உடுப்பில், மீசையை முறுக்கியபடி. எதிரே தலைவாழை இலையில் படையல். கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வடை, பாயசம், கண்ணாடித் தம்ளரில் கேன்டீன் ரம். அவருக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர.

ராஜ்மோகன் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தபோதே அதைக் கவனித்தான். கலைவேந்தனும் கவனித்திருந்தான்.

கற்பூரம் காட்டி, மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். தனக்கொடி, பச்சையப்பனின் மனைவி, கைப்பிடிச் சுவரோரம் நின்று கூப்பிட்டாள். பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து காக்கைகள் பறந்து வந்து எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் உட்கார்ந்தன. பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கீழே பசித்த பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள்.

“கொறை இருக்குது, அதான் வரல,” என்றான் கலைவேந்தன், எல்லாருக்கும் கேட்கும்படி. “இலையில எது இல்லன்னு காக்காவுக்குத் தெரியுது.”

உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜ்மோகனின் மூக்கில் அந்த நேரம் பார்த்துக் கிராம்பு வாசம் ஏறியது. பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில். அவன் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தான். பில்டர் இல்லாத அதே ரகம். அண்ணனுக்கென்று பாகூரிலேயே வாங்கி வந்திருந்தான். ஒன்றை உருவிப் பற்றவைத்துச் சோற்று உருண்டைக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தான்.

தனக்கொடி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சிகரெட்டை வாங்கித் தரையில் வைத்து நசுக்கினாள். பாக்கெட்டையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கீழ வா தம்பி.”

“அண்ணி, கோச்சிக்காத. அவரு கேக்கறாரு. எங்கிட்ட தெனமும் வந்து கேக்கறாரு. உனுக்குத் தெரியாது.”

“கீழ வான்னேன்.”

சமையலறையில் பாத்திரம் பண்டங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். விரலைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

“புவனா போன்ல சொன்னா. நாளைக்கு விரல எடுக்கறாங்களாமே. நீ இன்னும் குடிக்கிறியாமே.”

“நிறுத்தினா நானும் போயிடுவேன் அண்ணி. அண்ணன் போனதப் பார்த்தேன்ல. நிறுத்தாம இருந்திருந்தா…”

“நிறுத்தினதால அவரு போவல.” அவள் குரல் உயரவில்லை. “போறது தெரிஞ்சதாலதான் நிறுத்தினாரு.”

ராஜ்மோகனுக்குப் புரியவில்லை.

“தீபாவளி கழிச்சு ரத்தமா துப்பினாரு. ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெண்டு பக்கமும் பரவிடுச்சி, ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஒரு வார்த்த பேசல. வூட்டுக்கு வந்து பாக்கெட்ட அடுப்புல போட்டாரு. அப்புறம் எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு. பொங்கலுக்கு உங்க கிட்டல்லாம் இன்னா சொன்னாரு?”

“‘நானா வுட்டேன், ஆம்பளன்னா அப்படி வுடணும்’னாரு.”

“ஆங். இருவத்தெட்டு வருஷ சர்வீஸுல ஒரு நாள் ஒடம்பு சரியில்லன்னு சிக் ரிப்போர்ட் போட்டதில்லயாம். டாக்டர் கிட்ட போயி வரிசையில நிக்கிறவன நீங்கல்லாம் இன்னா பேசுவீங்கன்னு அவருக்குத் தெரியாதா? சாவப் போறத மறைச்சாரு. நீங்க பாட்டுக்கு முன்னாடி நடந்தத பின்னாடியும் பின்னாடி நடந்தத முன்னாடியும் வச்சி ஒரு கதை கட்டிக்கினீங்க. நானும் வாய மூடிக்கினு இருந்தேன். அந்த எழவுதான் இப்ப உன் கால்ல வந்து நிக்குது.”

மாடியில் யாரோ இன்னும் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜ்மோகன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்:

“அப்ப ஏன் அண்ணி எங்கிட்ட வர்றாரு? பொய் சொல்லல. அந்தக் கிராம்பு வாசம்…”

“பொய்யின்னு நான் சொல்லலியே.” தனக்கொடி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “இங்கயும்தான் வர்றாரு. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னறையில வந்து நிப்பாரு. கடைசி மாசம் முழுக்க அவரால படுக்க முடியல, குந்திக்கினேதான் தூங்கினாரு. அதே மாதிரி குனிஞ்சிக்கினு நிப்பாரு. எங்கிட்ட ஒரு நாளும் சிகரெட்டு கேட்டதில்ல தம்பி. ‘ஜன்னலத் தொற புள்ள, காத்தே வரல’ன்னுதான் கேக்கறாரு. நானும் தொறந்து வுடறேன். அப்பவும் அவருக்குப் பத்தல.”

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். காக்கை கடைசிவரை வரவில்லை. சோற்றை எடுத்துவந்து தெருவில் நின்ற மாட்டுக்கு வைத்துவிட்டுப் பந்தி போடச் சொன்னாள்.

ராஜ்மோகன் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனான். கையில் சிகரெட் இல்லை. தனக்கொடி வாங்கிக்கொண்டது போக வேறு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாமா என்று பாகூர் கடைத்தெருவில் பைக்கை ஒரு தரம் நிறுத்தியதும், கடைக்குள் ஜாபர் அலியின் முதுகைப் பார்த்ததும், பிறகு கிளப்பிக்கொண்டு வந்ததும் அவனுக்கே தெரிந்த விஷயம்.

வெயில் இறங்கியது. கரும்புத் தோகைகள் அசையவில்லை. வாடை வந்தது.

“அண்ணே, இன்னிக்கு ஒண்ணும் கொண்டாரல,” என்றான்.

வாடை நெருங்கியது. வழக்கமாகச் சுவர்ப் பக்கம் நிற்பது இன்று அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கூடவே ஒரு சத்தம். குறுகலான குழாயில் காற்றை இழுப்பது போல, இழுத்தும் போதாமல் மறுபடி இழுப்பது போல. ராஜ்மோகனுக்கு வாய் முழுக்க எச்சில் ஊறியது, ஒரே ஒரு இழுப்புக்காக. ஓடிவிடலாம் என்று பார்த்தால் கால் ஓடாது. கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அழுதானா என்று அவனுக்கு நினைவில்லை. புவனேஸ்வரி தேடிக்கொண்டு வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

அவள் காற்றை முகர்ந்து பார்த்தாள். “இன்னா, கிராம்பு மென்னீங்களா?” என்று கேட்டாள்.

அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தான்.

திங்கட்கிழமை சேர்ந்தான். விரலை எடுத்தார்கள், பக்கத்து விரலில் பாதியையும் எடுத்தார்கள். பாதம் தப்பித்தது. “இப்போதைக்கு,” என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு சொல்லை அவர் அழுத்திச் சொன்னதை ராஜ்மோகன் மறக்கவில்லை. வார்டில் டெட்டால் நெடி மூக்கைத் துளைத்தது. அதையும் தாண்டிச் சாயந்திரமானால் கிராம்பு வந்தது. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றது. அவன் பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தான். புவனேஸ்வரியிடம் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னான். கொசு வருகிறது என்று நர்ஸ் வந்து மூடினாள். அவன் மறுபடி திறக்கச் சொன்னான்.

கட்டு மாற்றிய அன்று சாயந்திரம் கலைவேந்தன் பார்க்க வந்தான். சாத்துக்குடிப் பையைப் புவனேஸ்வரியிடம் கொடுத்து, டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தான்.

“வெரலோட போச்சில்ல, வுடு. ஐஸ் கடி எத்தினி பேர வாரிக்கினு போச்சி.” சுற்றிலும் பார்த்துக்கொண்டு, உள்ளங்கைக்குள் மறைத்திருந்த ஒற்றைச் சிகரெட்டைக் காட்டினான். “பாத்ரூம்ல போயி ரெண்டு இழு. மனசு தெளியும். அண்ணன் பேரச் சொல்லி ஒண்ணே ஒண்ணு.”

ராஜ்மோகன் அதை வாங்கவில்லை. தனக்கொடி சொன்னதையெல்லாம் சொன்னான். தீபாவளிக்குப் பிறகு துப்பிய ரத்தம், பஸ்ஸில் பேசாமல் வந்தது, அடுப்பில் போட்ட பாக்கெட், சத்தியம், எல்லாம்.

கலைவேந்தன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டு முடித்துத் தொண்டையைக் கனைத்தான்.

“அண்ணி பாவம், மனசு ஒடிஞ்சி பேசுது. அப்படியே இருந்தாலும் அது அவரு உடம்பு வாகு. அவரு பிளெயினு குடிச்சாரு, நான் பில்டரு. அதுவும் சூடா டீ குடிச்சிட்டுதான் பத்தவைப்பேன். ஒண்ணும் பண்ணாது.”

“நீ ஒரு தடவ நெஞ்சப் படம் எடுத்துப் பாரு, கல.”

“எனுக்கு இன்னா கேடு? சிக் ரிப்போர்ட்டா போடச் சொல்ற?” சிரித்துக்கொண்டே எழுந்தான். “டூட்டிக்கு நேரமாச்சி. வரேன்டா.”

அவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனான். அதே நேரம் கால்மாட்டில் நின்ற வாடை அசைந்தது. மெத்தையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் எப்படி லேசாகுமோ, அப்படிக் கட்டில் லேசானது. கிராம்பும் புகையும் ராஜ்மோகனின் முகத்தைக் கடந்து, வார்டுக் கதவு வரை போய், கலைவேந்தனின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியே போயிற்று.

ராஜ்மோகன் மூச்சை இழுத்துப் பார்த்தான். டெட்டால் நெடி மட்டும்தான் இருந்தது. மாதக்கணக்கில் அவனுக்குக் கிடைக்காத சுத்தமான காற்று. அதை நினைத்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

“கல, நில்லு,” என்று கூப்பிட்டான். குரல் எழவில்லை. கட்டுப்போட்ட காலைக் கீழே ஊன்றி, வலி மண்டைக்கு ஏற, ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான்.

கீழே வண்டிகள் நிறுத்துமிடத்தில் கலைவேந்தன் நின்றிருந்தான். அந்த ஒற்றைச் சிகரெட்டைப் பற்றவைத்து ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தான். பிறகு என்னவோ தோன்றியவன் போல மூக்கைச் சுருக்கி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.